ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் ஒரே கூரைக்குள்: அயர்லாந்துக்குப் போய் வரலாறு படிப்பது

டப்ளின் நகரத்தின் நட்டநடுவில் இருக்கும் டிரினிட்டி கல்லூரிக்கு 1592இல் பட்டயம் கொடுத்தவர் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத். அயர்லாந்தில் ஆங்கில ஆட்சியையும் புராட்டஸ்டன்ட் மதத்தையும் வேரூன்றச் செய்ய ஆள் தயாரிக்கும் இடம் என்பதுதான் அப்போதைய எண்ணம். முந்நூறு வருஷம் கழித்தும் அந்த வாடை போகவில்லை. 1899இல், பள்ளிகளில் ஐரிஷ் மொழிக்கு என்ன இடம் என்று ஓர் அரசு விசாரணைக் குழு கேட்டபோது, அதில் படிக்கத் தகுந்தது பெரிதாக எதுவும் இல்லை என்று சாட்சி சொன்னவர்கள் இந்தக் கல்லூரியின் பேராசிரியர்கள் மஹாஃபியும் அட்கின்ஸனும். 1914இல் கல்லூரித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த மஹாஃபி, பியர்ஸ் என்று ஒரு ஆள் பேச வருகிறார் என்பதற்காக மாணவர் சங்கக் கூட்டத்தையே தடுத்தார். அந்த ஆள்தான் ஒன்றரை வருஷத்துக்குள், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில், டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் முன் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார்.

இன்று அதே வளாகத்தில் காலனியாதிக்க வரலாறு பாடமாக இருக்கிறது. அங்கிருந்த பெர்க்லி நூலகத்தின் பெயரை, தத்துவ அறிஞர் பெர்க்லி அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால் 2023இல் எடுத்துவிட்டார்கள். 2024இல் ஈவன் போலண்ட் என்ற பெண் கவிஞரின் பெயரைச் சூட்ட முடிவெடுத்தார்கள். படிக்கப் போகிற கட்டடமே பாடத்தின் ஒரு பகுதி. அயர்லாந்தைப் பற்றி அயர்லாந்துக்கே போய்ப் படிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்தியாவிலிருந்து அயர்லாந்துக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கணினி, மருந்தியல், வணிகம் என்றுதான் போகிறார்கள். வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் போகிறவர்கள் குறைவு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்தான் ஒரு செமஸ்டர், ஒரு கோடை விடுமுறை என்று இதற்காகக் கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் பலருக்குப் பாட்டன் பூட்டன் ஊர் அது. நமக்கு அந்த உறவு இல்லை. ஆனால் ஆளப்பட்டவர்களின் பிள்ளைகள் என்ற வேறு உறவு இருக்கிறது. அந்த உறவோடு போகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் காத்திருக்கும். அயர்லாந்து பிரிட்டனின் காலனியா இல்லையா என்பதிலேயே அங்கே இன்னும் ஒருமித்த கருத்து கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் காலனி இல்லை என்று வாதாடலாம். 1541இல் எட்டாம் ஹென்றி தன்னை அயர்லாந்தின் அரசர் என்று அறிவித்துக்கொண்டார். ஆக அது ஒரு தனி ராஜ்யம். 1801 முதல் ஐக்கிய ராஜ்யத்தின் பகுதி. லண்டன் நாடாளுமன்றத்தில் அயர்லாந்துக்கு 100 இடங்கள். எந்தக் காலனிக்கு இந்த மரியாதை கிடைத்தது? சரி, நடைமுறையைப் பார்ப்போம். டப்ளின் கோட்டையில் லண்டன் அனுப்பிய ஆளுநர் உட்கார்ந்திருந்தார். கிராமம்தோறும் ஆயுதம் தாங்கிய போலீஸ் இருந்தது. இங்கிலாந்துக் கிராமத்தில் போலீஸ்காரர் தடியோடு நடந்த காலத்தில் அயர்லாந்தில் துப்பாக்கியோடு நடந்தார். அந்தப் போலீஸ் அமைப்பைப் பார்த்துத்தான் பேரரசின் பல பகுதிகளில் போலீஸை உருவாக்கினார்கள். நிலத்தைப் பிடுங்கி வெளியாட்களைக் குடியேற்றுவது, உள்ளூர் மதத்துக்குச் சட்டத்தால் கை கால் கட்டுவது, உள்ளூர் மொழியை இழிவாக்குவது என்று காலனி ஆட்சியின் பழக்கங்கள் எல்லாம் அங்கே ஆஜர்.

அடுத்த சிக்கல், ஐரிஷ்காரர்கள் பேரரசின் கூலியாட்களாகவும் பங்காளிகளாகவும் இருந்தது. 1830 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஐந்தில் இரண்டு பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலையின்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து அதை நியாயப்படுத்திய மைக்கேல் ஓட்வயர், டிப்பரரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த வருஷமே அதே பஞ்சாபில், ஜலந்தரில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் ஊரில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் அட்டூழியத்தைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அந்தக் கலகத்துக்காக ஜேம்ஸ் டேலி என்ற இளைஞர் 1920 நவம்பரில் டக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர்கள். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு கதை சொன்னால் கதை சுலபம். நல்ல ஆசிரியர் அந்தச் சுலபத்தை அனுமதிக்க மாட்டார்.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் கால்வே மாவட்டத்தில் கோர்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் கூல் பார்க்குக்குப் போக வேண்டும். ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சியின் தலைமை அலுவலகம் என்றே அதைச் சொல்லலாம். கவிஞர் யேட்ஸ் கோடைக்குக் கோடை அங்கே போய்த் தங்கினார். நாடகாசிரியர்கள் ஜான் மில்லிங்டன் சிங், பெர்னார்ட் ஷா, டக்ளஸ் ஹைட் எல்லாரும் வந்தார்கள், தோட்டத்து பீச் மரத்தின் பட்டையில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். மரம் இன்னும் நிற்கிறது, கம்பி வேலிக்குள். வீடு இல்லை. 1941இல் இடித்தாகிவிட்டது.

அந்த வீட்டின் எஜமானி லேடி கிரிகரி. ஐரிஷ் மொழி கற்று, சுற்றுவட்டாரக் குடியானவர்களிடம் கதைகள் சேகரித்து, யேட்ஸோடு சேர்ந்து நாடக அரங்கு தொடங்கியவர். அவருடைய கணவர் சர் வில்லியம் கிரிகரி 1847இல் நாடாளுமன்ற உறுப்பினர். பெரும்பஞ்சத்தின் உச்சத்தில் நிவாரணச் சட்டத்தில் அவர் நுழைத்த ஒரு ஷரத்து இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை, வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வரட்டும் என்பது அதன் சாரம். பசியோடு இருந்த குத்தகைக்காரன் கஞ்சிக்கும் நிலத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பண்ணைகளைக் காலிசெய்யக் காத்திருந்த நிலக்கிழார்களுக்கு இது அல்வா. இதே கிரிகரிதான் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகத்தின் முன் சிலையாக நிற்பவர் அவர். நுவரெலியாவில் நாம் படகு சவாரி போகும் கிரிகரி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், கூல் எஸ்டேட்டை 1768இல் வாங்கிய ராபர்ட் கிரிகரி கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்து வந்தவர்.

இந்தியப் பணத்தில் வாங்கிய நிலம், பஞ்சத்தில் ஏழைகளை வெளியேற்றிய ஷரத்து, இலங்கை ஆளுநர் பதவி, அப்புறம் ஐரிஷ் பண்பாட்டு மறுமலர்ச்சி. எல்லாம் ஒரே வீட்டில், மூன்று நான்கு தலைமுறைக்குள். லேடி கிரிகரியின் பணி இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் மறுமலர்ச்சியை மண்ணிலிருந்து தானாக முளைத்த ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகும்.

நிலத்தின் கதையை அங்கே படிக்கக் கிடைத்திருக்கும் வசதி பொறாமைப்பட வைக்கும். 1650களில், கிராம்வெல்லின் படையெடுப்புக்குப் பிறகு, பறித்த நிலத்தைப் படைவீரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு போடுவதற்காக வில்லியம் பெட்டி என்பவர் நாட்டின் பெரும்பகுதியை அளந்து வரைபடம் போட்டார். டவுன் சர்வே என்று அதற்குப் பெயர். அந்த வரைபடங்களை டிரினிட்டி கல்லூரி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தால் 1641இல் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது, 1670இல் யார் பெயரில் இருந்தது என்று பார்த்துவிடலாம். முதல் பெயர் பெரும்பாலும் ஐரிஷ் பெயராகவோ பழைய நார்மன் பெயராகவோ இருக்கும், பக்கத்தில் கத்தோலிக்கர் என்ற குறிப்பு. இரண்டாவது பெயர் ஆங்கிலப் பெயர், புராட்டஸ்டன்ட். 1641இல் நாட்டு நிலத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது, 1703இல் அது 14 சதவீதம் என்று பாடநூலில் படிப்பது ஒன்று. பத்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பத்திலும் ஆள் மாறியிருப்பதைக் காண்பது வேறு.

வடக்கே அல்ஸ்டர் பகுதியில் இந்தக் குடியேற்றம் முன்பே, 1609 முதல், திட்டம் போட்டு நடந்தது. ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள் தலைமுறைகளாக அங்கே வேர்விட்டார்கள். அரசுத் திட்டத்துக்கு வெளியே தனிப்பட்ட முறையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் கடல் தாண்டி ஆன்ட்ரிம் பக்கம் வந்துகொண்டே இருந்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814இல் பிறந்தது அந்த ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான், ஏழை ஸ்காட்டிஷ் பிரெஸ்பிட்டீரியன் பெற்றோருக்கு. இடையன்குடியை எல்லோருக்கும் தெரியும், அவர் பிறந்த ஊரை அதிகம் பேர் தேடுவதில்லை.

பெரும்பஞ்சத்துக்கு வருவோம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரியால் வரும் நோய் விழுந்தது. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அதுதான் சாப்பாடு. 1841இல் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். 1851இல் 65 லட்சத்துச் சொச்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். இன்றைக்கும், வடக்கையும் தெற்கையும் சேர்த்தாலும், தீவின் மக்கள்தொகை 1841 அளவை எட்டவில்லை. ஐரோப்பாவில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லை.

இது இனப்படுகொலையா? அமெரிக்காவில் இருக்கும் ஐரிஷ் வம்சாவளியினர் பலர் ஆம் என்பார்கள். அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான வரலாற்றாளர்கள் அந்தச் சொல்லைத் தவிர்ப்பார்கள். பஞ்ச காலத்தில் தானியம் ஏற்றுமதியானது உண்மை. 1847இல் ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகமாக இருந்ததும் உண்மை. அதே வருஷக் கோடையில் அரசு கஞ்சித்தொட்டி திறந்து ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேருக்குச் சாப்பாடு போட்டது. முடியும் என்று காட்டிவிட்டு, சில மாதங்களில் அதை மூடி, செலவை அந்தந்த ஊர் வரிதாரர்கள் தலையில் கட்டியது. என்னைக் கேட்டால், கொல்ல வேண்டும் என்ற திட்டத்தைத் தேடுவதைவிட, காப்பாற்ற வழி தெரிந்தும் கணக்கு பார்த்து நிறுத்தியதை விளக்குவதுதான் கடினமான வேலை, பயனுள்ள வேலையும் அதுதான்.

அந்தக் கணக்கைப் பார்த்தவர் லண்டன் கருவூலத்தில் இருந்த சார்ல்ஸ் டிரெவெல்யன். மக்காலேயின் தங்கை கணவர். சந்தை தன் போக்கில் போகட்டும், இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறியாவார்கள் என்பது அவர் கொள்கை. பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1848இல், நிவாரணப் பணிக்காக அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அயர்லாந்தில் ரக்பி மைதானத்தில் கூட்டம் பாடும் ஒரு பிரபலமான பாட்டில் அவர் பெயர் இன்றும் வசைபோல வரும். 1859இல் அவர் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தார். இந்தியர்கள் மேல் புதிதாக வருமான வரி போடுவதை வெளிப்படையாக எதிர்த்து 1860இல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். ஆக, சென்னையில் கொஞ்சம் நல்ல பெயர், அயர்லாந்தில் கெட்ட பெயர். ஒரே மனிதரை இரண்டு ஆவணக் குவியலிலிருந்தும் எழுதிப் பார்க்க ஒரு தமிழ் மாணவருக்கு அருமையான தலைப்பு இது.

பஞ்சத்தைக் கிட்டத்தில் பார்க்க ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க் இருக்கிறது. மஹோன் குடும்பத்தின் மாளிகை. சமையலறைக்கு மேலே சுவரை ஒட்டி ஒரு மாடம் ஓடுகிறது. வீட்டம்மா கீழே இறங்காமல், அந்த மாடத்தில் நின்று வாரத்துச் சமையல் பட்டியலை வேலைக்காரர்களுக்குப் போடுவாராம். வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வரச் சுரங்கப்பாதை வேறு. 1979இல் இந்த எஸ்டேட்டை வாங்கிய உள்ளூர் வாகன வியாபாரி ஒருவர் உள்ளே கிடந்த காகிதங்களைப் புரட்டியபோது, பசியால் வாடும் குடிகள் பண்ணையாருக்கு எழுதிய மனுக்கள் கிடைத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் அங்கே 1994இல் திறந்த தேசியப் பஞ்ச அருங்காட்சியகம். மனுவில் இருப்பது மக்களின் நேரடிக் குரல், அதுவும் பஞ்ச காலத்துக் குரல். அப்படிப்பட்ட ஆவணம் அபூர்வம்.

1847 மே மாதத்தில் மேஜர் டெனிஸ் மஹோன் தன் குடிகள் 1,490 பேரை ஒரே மொத்தமாக ஊரைவிட்டு அனுப்பினார். அவர்களை வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மலிவு என்று கணக்கு வந்தது. அவர்கள் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடந்தார்கள், லிவர்பூல் போய் கியூபெக் கப்பல்களில் ஏறினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. அந்த நவம்பரில் மஹோனைச் சாலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நடந்த 165 கிலோமீட்டர் வழி இப்போது நடைபாதையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வழி நெடுகிலும் குழந்தைகளின் காலணிகள் வெண்கலத்தில் வார்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர்கள் சைக்கிளில் போகிறார்கள்.

பஞ்சத்தில் அதிகம் செத்தவர்களும் போனவர்களும் மேற்குக் கரை ஏழைகள். ஐரிஷ் மொழி பேசியவர்களும் அவர்கள்தான். 1851 கணக்கெடுப்பில் முதன்முறையாக மொழி பற்றிக் கேட்டபோது நாட்டில் கால்வாசிப் பேர் தான் ஐரிஷ் பேசத் தெரிந்தவர்கள். 1831இல் தொடங்கிய அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு போட்டு, வெட்டுகளை எண்ணி அடி கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பெற்றோரே அதற்கு ஒத்துழைத்தார்கள். ஆங்கிலம் இல்லாமல் அமெரிக்காவில் பிழைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இது நடந்த விதத்தை 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களில் கண்ணால் பார்க்கலாம். தேசிய ஆவணக் காப்பகம் எல்லாப் படிவங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்கியவர்கள் போலீஸ்காரர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். கடைசிப் பத்திகளில் ஒன்று ஐரிஷ் மொழி. ஐரிஷ் மட்டும் தெரிந்தால் ‘ஐரிஷ்’, இரண்டும் தெரிந்தால் ‘ஐரிஷும் ஆங்கிலமும்’, இல்லாவிட்டால் வெற்றிடம். மேற்கு மாவட்டத் தாள்களைப் புரட்டினால் பாட்டிக்கு ஐரிஷ், அப்பா அம்மாவுக்கு இரண்டும், பிள்ளைகளுக்கு வெற்றிடம் என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். ஒரு மொழி சுருங்குவதை ஒரே தாளில் மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம்.

மறுமலர்ச்சி என்று சொல்வது இந்தப் பின்னணியில் வந்தது. 1884இல் தர்ல்ஸ் ஊரில் ஒரு ஓட்டல் அறையில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. 1892இல் டக்ளஸ் ஹைட் அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்க வேண்டும் என்று டப்ளினில் சொற்பொழிவு செய்தார். மறுவருஷம், ஐரிஷ் மொழியை மீட்கும் சங்கமாகக் கேலிக் லீக் தொடங்கியது. ஹைட் ஒரு புராட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகன், ராஸ்காமன் குடியானவர்களிடம் ஐரிஷ் கற்றவர். லீக்கின் வகுப்புகளுக்கு நகரத்துக் கடைச் சிப்பந்திகளும் குமாஸ்தாக்களும் வேலை முடிந்து மாலையில் வந்தார்கள். ஆசிரியர்கள் கிராமங்களுக்குச் சைக்கிளில் போனார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் வகுப்பு என்பதால் சில பாதிரியார்களுக்கு முகம் கோணியது, இளைஞர்களுக்கு அதுவே ஓர் ஈர்ப்பு.

எவ்வளவு பழையது, எவ்வளவு புதிதாகச் செய்தது என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. இன்று பரம்பரை ஐரிஷ் ஆட்டக் கச்சேரி என்று உலகம் முழுக்க நடக்கும் ‘கேய்லி’யின் முதல் நிகழ்ச்சி 1897இல் நடந்தது, அதுவும் லண்டனில், ப்ளூம்ஸ்பரி மண்டபத்தில், லீக்கின் லண்டன் கிளை ஏற்பாட்டில். ஐரிஷ் ஆண்கள் மேடையில் உடுத்தும் கில்ட் பாவாடையும் ஏறத்தாழ அந்தக் காலத்து ஏற்பாடுதான். கண்டுபிடிக்கப்பட்ட மரபு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இழந்ததை மீட்கிறவர்கள் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டுத்தான் மீட்க முடியும். சென்னையில் 1930களில் சதிரைப் பரதநாட்டியமாக மாற்றிய கதை தெரிந்தவருக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

உண்மையான ஐரிஷ்காரன் யார் என்ற சண்டையும் கூடவே வந்தது. 1904 டிசம்பரில் திறந்த அபே நாடக அரங்கில் 1907இல் சிங்கின் நாடகம் ஒன்று மேடையேறியபோது, கிராமத்து மக்களைக் கேவலப்படுத்துகிறது என்று பார்வையாளர்கள் ரகளை செய்தார்கள். யேட்ஸ் போலீஸை அழைத்தார். தேசிய அரங்குக்குள் பிரிட்டிஷ் போலீஸ்! விளையாட்டுச் சங்கத்தின் பிடிவாதம் இன்னும் வேடிக்கை. கால்பந்து, ரக்பி போன்ற அந்நிய ஆட்டங்களை ஆடவோ பார்க்கவோ உறுப்பினர்களுக்குத் தடை. 1938இல் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியான ஹைட், பதவி முறையில் ஒரு சர்வதேசக் கால்பந்துப் போட்டியைப் பார்க்கப் போனார். சங்கம் அவரைப் புரவலர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆங்கிலமயத்துக்கு எதிராக முதல் குரல் கொடுத்தவருக்கே இந்தக் கதி. தடை 1971இல்தான் போனது.

இந்த வட்டத்திலிருந்து சென்னைக்கு ஒரு ஜோடி வந்தது. ஜேம்ஸ் கஸின்ஸ் டப்ளின் நாடக இயக்கத்தின் தொடக்கத்தில் இருந்த கவிஞர். மனைவி மார்கரெட், ராஸ்காமன் மாவட்டத்தில் பாய்ல் ஊரில் பிறந்தவர், பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை போனவர். இருவரும் 1915இல் அன்னி பெசன்ட் அழைத்து அடையாறு வந்தார்கள். 1919இல் மதனப்பள்ளியில் தாகூர் பாடிய ஜன கண மனவுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் மார்கரெட். தாகூரின் பக்கம் திரும்பினால், அவருடைய தபால் நிலைய நாடகம் 1913இல் அபே அரங்கில் மேடையேறியது, பியர்ஸ் நடத்திய செயின்ட் எண்டா பள்ளிக்கு நிதி திரட்ட. போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு ஐரிஷ் மொழி என்ன ஆயிற்று? தோரணையில் வெற்றி, தெருவில் தோல்வி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1937 அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர், அதாவது நாட்டில் 40 சதவீதம் பேர், ஐரிஷ் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72,000 பேர். கேல்டாக்ட் என்று அரசு வரையறுத்த ஐரிஷ் பேசும் பகுதிகளில் அப்படிப் பேசுகிறவர்கள் 20,000 பேர்தான். அந்தக் கடற்கரைப் பகுதிகளில் விடுமுறை வீடுகள் பெருகி, உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு கிடைக்காதது இப்போது மொழிப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது.

படிக்க வரும் வெளிநாட்டவர்கள் இந்தப் பகுதிகளுக்கும் போகிறார்கள். கால்வே பல்கலைக்கழகத்துக்குக் கனமாராவில் ஆன் கஹ்ரூ ரூவா ஊரில் ஒரு மொழி மையம் இருக்கிறது. டொனிகலில் கிளென் கோலம் கில் ஊரில் 1984 முதல் ஓயிடியஸ் கேல் என்ற அமைப்பு பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறது. ஊர்க்காரர் வீட்டில் தங்கி, காலையில் வகுப்பு, மாலையில் பாட்டு. கேல்டாக்ட் வீட்டில் மாணவர்களைத் தங்கவைக்கும் வீட்டம்மாதான் உண்மையில் முக்கால்வாசி ஆசிரியர். தேநீர் வேண்டுமா, ஈரத்துணியை எங்கே போட்டாய் என்ற கேள்விகளில் வரும் மொழி எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

ஆவணங்களில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் முதல் சண்டையில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. எழுநூறு வருஷக் காகிதங்கள், 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, எல்லாம் போயின. பிரிட்டிஷார் எரிக்கவில்லை, ஐரிஷ்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டையில் எரிந்தது. உலகின் பல காப்பகங்களில் இருந்த நகல்களைத் திரட்டி, அழிந்த காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்டும் ஒரு பெருந்திட்டத்தை டிரினிட்டி முன்னின்று நடத்தி 2022இல் திறந்தது.

எழுத்தில் போனதை வாய்மொழியில் கொஞ்சம் பிடித்துவைத்தார்கள். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் 50,000 பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய கதைகள், வைத்தியம், பேய், பஞ்ச நினைவுகள் எல்லாம் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுக் காப்பகத்தில் இருக்கின்றன. இப்போது ‘தூகஸ்’ என்ற இணையதளத்தில் பிள்ளைகளின் கையெழுத்தோடே படிக்கலாம். எங்கள் வயலோரத்தில் ஒரு குழி இருக்கிறது, பஞ்சத்தில் செத்தவர்களை அதில் போட்டார்களாம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியிருக்கும். வடக்கின் ஆறு மாவட்டங்கள் இதில் இல்லை. பிரிவினையில் அவை பிரிட்டனோடு இருந்துவிட்டன அல்லவா.

அந்தப் பிரிவினையை இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவர் தன் உடம்பிலேயே உணர்வார். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் பேருந்தில் இரண்டரை மணி நேரம். எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை. வேகம் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும் பலகைதான் அடையாளம். ஐரிஷ்காரருக்கு அது ஒன்றுமில்லை. நமக்கோ சட்டப்படி பிரிட்டிஷ் விசா வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும். பெல்ஃபாஸ்ட்டில் இருக்கும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் ஆய்வு நிறுவனத்தில் படிக்கப் போனால் அதுவே தலைகீழ்.

பெல்ஃபாஸ்ட்டைத் தவிர்க்கவும் கூடாது. அரசு ஆதரவோடு தெற்கில் தேய்ந்த மொழி, அரசு எதிர்ப்பில் அங்கே துளிர்த்தது. 1969இல் ஷாஸ் ரோட்டில் சில குடும்பங்கள் சேர்ந்து ஐரிஷ் பேசும் தெரு ஒன்றைத் தாங்களே வீடு கட்டி அமைத்தன. 1971இல் பள்ளி திறந்தன. வழக்கு போடுவோம் என்று அரசு மிரட்டியது. வடக்கில் ஐரிஷுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 2022இல்தான்.

செலவு விஷயம். ஐரோப்பிய நாட்டவர் அல்லாதவருக்குக் கட்டணம் அதிகம், டப்ளினில் வாடகைக்கு அறை கிடைப்பது பெரும்பாடு. கால்வே, கார்க் கொஞ்சம் தேவலாம். ஐரிஷ் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு வருஷம் 60 உதவித்தொகைகள் தருகிறது. கட்டண விலக்கோடு 10,000 யூரோ கையில் கிடைக்கும், எல்லாத் துறைக்கும் பொது என்பதால் போட்டி கடுமை. படிக்கும்போது பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். முதுகலை முடித்தபின் வேலை தேட இரண்டு வருஷம் வரை தங்க அனுமதி உண்டு. வரலாற்றுப் பட்டத்தோடு அங்கே வேலை கிடைக்கும் என்று கடன் வாங்கிக்கொண்டு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நிலம், பஞ்சம், 1916 எழுச்சி என்றால் ஆங்கிலமே போதும், டிரினிட்டியோ மேனூத் பல்கலைக்கழகமோ சரியான இடம். நாட்டார் வழக்காறு என்றால் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி அல்லது கார்க். மொழி என்றால் கால்வே. அந்த இரண்டுக்கும் ஐரிஷ் படிக்க வேண்டும். பழைய கையெழுத்துகள் கேலிக் எழுத்துருவில், 1940களின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கின்றன. இன்றைய பாடநூலை வைத்து மொழி கற்றவருக்கு அது உடனே பிடிபடாது. போகிற வருஷத்துக்கு முந்தைய வருஷமே இணைய வகுப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.